அழகுமலை பார்க்காத மூலை

எவன் செய்த வேலையோ இது. செய்தவன் உருப்பட்டிருக்க மாட்டான்.

மாடு என்றால் மாடு. கதவு என்றால் கதவு. அதற்கு முன்னால் ‘எ’ என்று ஒன்றையும் ‘தி’ என்று ஒன்றையும் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தி, இதற்கு இது, அதற்கு அது, மாற்றிச் சொன்னால் நீ மடையன் என்று சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் எவனோ ஒருத்தன். பேர் தெரியாது. ஊர் தெரியாது. போட்டுவிட்டு நிம்மதியாகச் செத்தும் போயிருப்பான். மாட்டிக்கொண்டவர் காரைக்குடி பழைய சாமான் கடை அழகுமலை.

“டீச்சரம்மா, அவன் மட்டும் என் கையில கிடைக்கணும்” என்றார் அழகுமலை.

“எவன்?”

“இங்கிலீசுல இந்த எ-யையும் தி-யையும் வச்சவன்.”

“கிடைச்சா என்ன பண்ணுவீங்க?”

“வச்ச கையாலயே எடுடான்னு சொல்லுவேன்.”

“சொல்லலாம். முதல்ல பலகையைப் பாருங்க அண்ணே” என்றார் நிலோஃபர் டீச்சர்.

மாவு மில்லுக்கு மேல்மாடியில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு அது. கீழே மிளகாய் அரைபட்டால் மேலே எல்லோரும் தும்முவார்கள். கம்பு அரைபட்டால் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். முன் பெஞ்சுகளில் வேலைக்கு நேர்முகம் போகிற பிள்ளைகள். கடைசிப் பெஞ்சில் அழகுமலை மட்டும், சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு.

குருவுக்கு முப்பதை ஒட்டி வயது. சீடருக்கு ஐம்பது தாண்டி வெகு நாளாகிவிட்டது. அதில் சீடருக்கு ஒரு சங்கடமும் இல்லை. சரக்கு எவன் கடையில் இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்கவேண்டும், கடைக்காரன் வயசு எதற்கு என்பது அவர் கட்சி. அவர் பொருமியதெல்லாம் சரக்கைப் பற்றித்தான்.

“சொல்லுங்க. நேத்து நான் ஒரு மாடு வாங்கினேன்.”

“ஐ பாட் எ கௌ.”

“அந்த மாடு ஓடிப்போச்சு.”

“எ கௌ ரன்.”

“தி கௌ ரேன் அவே” என்றார் டீச்சர். “முதல்ல சொல்றப்ப அது ஏதோ ஒரு மாடு. எந்த மாடுன்னு கேக்குற எனக்குத் தெரியாது. அதனால எ. ரெண்டாவது தடவை, நீங்க சொன்ன அதே மாடு. சொல்ற உங்களுக்கும் தெரியும், கேக்குற எனக்கும் தெரியும். அதனால தி.”

“அதே மாடுதானே? முதல்ல எ, அடுத்த வாய்க்குத் தி. அதுக்குள்ள அதுக்குப் புதுசாக் கொம்பா முளைச்சிருச்சு?”

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். “பெரியப்பா, அதுக்கு ஆதார் கார்டு கொடுத்துட்டாங்க. அதான் தி.”

வகுப்பே சிரித்தது. அழகுமலைக்குக் காது சிவந்தது.

“சூரியனுக்கு என்ன போடுவீங்க?” என்றார் டீச்சர், விடாமல்.

“தி.”

“ஏன்?”

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு நேத்துச் சொன்னீங்க.”

“சரி.”

“அப்ப கடவுள்? உங்களுக்கும் ஒண்ணு, எங்களுக்கும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒண்ணுதான். அவருக்குத் தி போடவா?”

“போடக்கூடாது.”

“பார்த்தீங்களா!” அழகுமலை பெஞ்சைத் தட்டினார். “சூரியனுக்கு உண்டு, அதைப் படைச்சவனுக்குக் கிடையாது. இதுல என்னம்மா நியாயம் இருக்கு?”

டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

அழகுமலை குரலை இறக்கிக்கொண்டார். பேரம் முறிகிற இடத்தில் குரலை இறக்குவது அவருக்குக் கைவந்தது. “டீச்சரம்மா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். உயிர் இருக்கிறதுக்கெல்லாம் தி. உயிர் இல்லாததுக்கெல்லாம் எ. இத்தோட முடிச்சுக்குவோம்.”

“முடியாது அண்ணே.”

“சரி, உங்க வழிக்கே வர்றேன். காலையில பேசினா எ. சாயங்காலம் பேசினா தி.”

“இது கடை இல்லை.”

“கடையா இருந்தா இந்நேரம் முடிச்சு டீ குடிச்சிருப்போம்.”

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். அழகுமலை போகவில்லை. பலகையில் டீச்சர் வரைந்திருந்த மாட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் அழிப்பானை எடுத்தவர் அழிக்காமல் நின்றார். “அண்ணே, உங்ககிட்ட இருக்கிற இங்கிலீசை வச்சே வெள்ளைக்காரங்களுக்குத் தூணும் கதவும் வித்து மாடி வீடு கட்டியிருக்கீங்க. இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?”

“எனக்கு இங்கிலீசு வேணாம். ஒரே ஒரு வாக்கியம் சரியா வேணும்.”

“என்ன வாக்கியம்?”

அழகுமலை சாவிக்கொத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். திரும்ப எடுத்துப் பையில் போட்டார். பிறகு சொன்னார்.

மகன் வைரவன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். கிளேர் என்று அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு அழகுமலை குறுக்கே நிற்கவில்லை. பிள்ளை பிறந்தது. உடம்பு தேறியதும் கிளேரே போனைப் பிடித்து வீடியோவில் காட்டினாள். போன் கண்ணாடி முழுக்கப் பிள்ளையின் முகம். பக்கத்தில் அவர் மனைவி பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அழகுமலை மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் காலண்டரைப் பார்த்தார். கடைசியாக ஓரக் கண்ணால் போனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“எ பேபி. ஓகே. இயர் பிக். ஹெட் நாட் ரவுண்ட். வி சீ.”

அந்தப் பக்கம் போன் ஆடியது. கூரை தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வைரவன், அப்பா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து அம்மாவைக் கூப்பிடுகிறான். பொங்கலுக்குப் பிள்ளையோடு வருவதாக இருந்தார்கள். டிக்கெட் போடவில்லை. யாரைப் பார்க்க வரணும் என்று கிளேர் கேட்டாளாம்.

“அன்னிக்குத் திரும்பக் கூப்பிட்டு என் மகன் சொல்றான், ‘பெத்தவகிட்டயே எ பேபிங்கிறியேப்பா, அது என்ன ரோட்டுல போற பிள்ளையா?’ன்னு. ஒரு எழுத்தும்மா! ஒரே ஒரு எழுத்து. எவனோ ஒருத்தன் வச்சுட்டுப் போன எழுத்துக்காக என் மருமக என்கூடப் பேசாம இருக்கா. நான் பேரனைத் தூக்காம இருக்கேன்.”

“காது பெரிசுன்னீங்களே. அதுக்குக் கோவிச்சுக்கலையா?”

“அதைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலை. எ-யைத்தான் சொன்னான்.”

“சரி. இப்ப என்ன வேணும்?”

“இனி கூப்பிட்டா என்ன சொல்லணுமோ அதை ஒரு வரியில சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுறேன். உங்களையும் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

டீச்சர் யோசிக்கவே இல்லை. “தி பேபி இஸ் பியூட்டிஃபுல்.”

“அவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.” அழகுமலை நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “தி பேபி இஸ்... ஓகே.”

“பியூட்டிஃபுல்.”

“அதேதான். தி பேபி இஸ்... நாட் பேட்.”

“பியூட்டிஃபுல், அண்ணே.”

“தெரியுது, தெரியுது. தி பேபி...” அழகுமலையின் கண் ஜன்னலுக்குப் போனது. தெருவில் ஒரு டெம்போவைப் பார்த்தது. “தி பேபி. வி சீ.”

“இப்ப தி சரியாத்தானே வந்துச்சு?” என்றார் டீச்சர்.

“வந்துச்சு.”

“வாக்கியம் சரியாயிடுச்சா?”

அழகுமலை வேர்வையைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் பேரீச்சம்பழத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பழைய இரும்பு கேட்டுத் தெருத் தெருவாகக் கூவிய வாய் அது. எந்த ஊர் வியாபாரியிடமும் திக்கியதில்லை. இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இப்படி மக்கர் பண்ணுகிறது?

டீச்சர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். “அண்ணே, தொழில்ல ஒரு சாமானை எப்படி வாங்குவீங்க?”

கேட்டதும் அழகுமலைக்கு மூச்சு சீரானது.

“இடிக்கப்போற வீடுன்னு கேள்விப்பட்டதும் போவேன். உள்ள நுழையுறப்பவே தெரிஞ்சிரும், எனக்கு அந்தத் தேக்குத் தூண்தான் வேணும்னு. அப்புறம் அந்தத் தூண் இருக்கிற பக்கம் திரும்பவே மாட்டேன். ஓட்டை அண்டாவைத் தட்டிப் பார்ப்பேன். ஜன்னல் கம்பியை எண்ணுவேன். வீட்டுக்காரன் என் கண்ணையே பார்த்துக்கிட்டிருப்பான்ல? கடைசியில கிளம்புறப்ப, ‘ஆமா, இந்தத் தூணு ஒண்ணு கிடக்கே, உளுத்துப்போச்சு, அடுப்புக்குத்தான் ஆகும், வண்டியில இடம் இருந்தாப் போட்டுக்கட்டுமா’ம்பேன்.”

“உளுத்துப்போகாத தூணை.”

“வைரம் பாஞ்ச தூண். பின்ன, நல்ல சாமானை நல்லாயிருக்குன்னு சொல்லலாமா? எது வேணும்னு எதிராளிக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.”

“யாருமே கண்டுபிடிச்சதில்லையா?”

“ஒருத்தன் கண்டுபிடிச்சான். பள்ளத்தூருக்காரன். என்கூடவே வீடு முழுக்க நடந்தான். கடைசியில, ‘நீ எதைப் பார்க்கலையோ அதை எடுத்துக்க, நான் சொல்ற விலைக்கு’ன்னான். அன்னிக்கு வாங்கின அடி இன்னும் வலிக்குது.”

“விக்கிறப்ப?”

“விக்கிறப்ப நான் பள்ளத்தூருக்காரன்.” அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. “வெள்ளைக்காரன் கடைக்குள்ள வரும்போது ‘எ லேம்ப், எ லேம்ப்’னுதான் வருவான். ஏதாவது ஒரு விளக்கு. சுத்திப் பார்ப்பான். வேணாம்னு வாசப்படி இறங்குவான். இறங்கினவன் நின்னு, ‘ஹௌ மச் இஸ் தி லேம்ப்?’ம்பான். அவ்வளவுதான், விழுந்துட்டான். எந்த விளக்குன்னு அவனும் காட்ட வேணாம், நானும் கேக்க வேணாம். விலை அந்த இடத்துலயே ஏறிரும்.”

டீச்சர் எழுந்து பலகையில் இருந்த மாட்டை முழுசாக அழித்தார். கைத் தூசியைத் தட்டினார்.

“அண்ணே, நாளையிலருந்து நீங்க வகுப்புக்கு வர வேண்டாம்.”

“ஏன்?”

“உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை.”

அழகுமலை எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. “என்னம்மா பேச்சு இது? ஓடிப்போன மாடு இன்னும் வீடு திரும்பலை, அதுக்குள்ள பாடம் முடிஞ்சுபோச்சா? மண்டையில ஏறலைன்னு கழட்டி விடுறீங்க. நேரா அதைச் சொல்லுங்க!”

“நாளைக்கு நான் உங்க கடைக்கு வர்றேன். ஒரு சாமான் வாங்கணும்.”

“என்ன சாமான்?”

“ஏதோ ஒண்ணு.”

வழியெல்லாம் அழகுமலை முணுமுணுத்துக்கொண்டே போனார். ஏதோ ஒண்ணாம். படிச்சவங்க பேசுற பேச்சா இது?

வீட்டில் பஞ்சவர்ணம் சோறு போட்டாள்.

“டீச்சர் என்னை வர வேணாம்னுட்டாங்க.”

“இத்தனை நாள் பொறுத்ததே பெரிசு.”

“நீயும் ஆரம்பிச்சுட்டியா?”

அவள் குழம்பை ஊற்றினாள். “வைரவன் பேசினான். பிள்ளை எந்திரிச்சு நிக்குதாம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு.”

அழகுமலை டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. “எல்லாப் பிள்ளையும்தான் நிக்கும்.”

பஞ்சவர்ணம் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். சத்தமாகப் போட்டாள்.

“உங்க பேரைத்தான் பிள்ளைக்கு வச்சிருக்கு. தெரியும்ல?”

“தெரியும். சொன்னான்.”

“இது தெரியுமா? மாசமா இருந்தப்பவே அந்தப் பொண்ணு ‘ழ’ சொல்லிப் பழகுச்சாம். நாக்கு மடங்காம அழுதுச்சாம். நம்ம ஆளுகளே பாதிப் பேரு உங்களை அளகுமலைன்னுதான் கூப்பிடுறாக. அது விடலை. வயித்தைத் தடவிக்கிட்டே அழகு, அழகுன்னு சொல்லிப் பார்த்து வர வச்சிருச்சு. அன்னிக்குப் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சே, பிள்ளையைக் காட்டி அந்தப் பேரை உங்க முகத்துக்கு நேரா சொல்லணும்னுதான். அது வாயைத் திறக்குறதுக்குள்ள நீங்க திறந்துட்டீங்க.”

அழகுமலை பாதிச் சோற்றில் கையை உதறினார்.

“குழம்புல உப்பே இல்லை” என்றார்.

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிலோஃபர் டீச்சர் கடைக்கு வந்தார்.

கடை என்றால் நீளமான பழைய சரக்குக் கிட்டங்கி. சாய்த்துவைத்த கதவுகள், படுக்கவைத்த தூண்கள், பீங்கான் ஜாடிகள், ரசம் போன நிலைக்கண்ணாடி, ஓடாத கடிகாரங்கள் ஒரு சுவர் நிறைய. அழகுமலை முறுக்கிக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் வந்தது வாடிக்கை. சோடா வரவழைத்தார். முகம் தானாகவே வியாபாரத்துக்கு மாறிக்கொண்டது.

“இந்த ஜாடியைப் பாருங்க டீச்சரம்மா. ஊறுகாய் போட்டா பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும்.”

“வேண்டாம்.”

“இந்தக் கடிகாரம்? சாவி கொடுத்தா ஓடும். எப்ப ஓடும்னு சொல்ல முடியாது, ஆனா ஓடும்.”

“வேண்டாம்.”

கண்ணாடியைக் காட்டினார். எனாமல் தூக்கைக் காட்டினார். ஏணியில் ஏறி ஒரு தொங்கு விளக்கை இறக்கித் துடைத்துக் காட்டினார். டீச்சர் சாமானைப் பார்த்த மாதிரி இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். கடையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

“என்னதாம்மா வேணும் உங்களுக்கு?” அழகுமலைக்குப் பொறுமை கழன்றது. “நானும் கடையையே கவுத்துக் காட்டிட்டேன். எதைக் காட்டினாலும் வேணாம், வேணாம். இன்னும் இந்தக் கடையில காட்டாதது என்ன இருக்கு?”

“அந்த மூலை” என்றார் டீச்சர்.

“எந்த மூலை?”

“நான் வந்ததுலருந்து நீங்க திரும்பாத மூலை.”

அழகுமலை அப்போதும் திரும்பவில்லை.

டீச்சரே போனார். இரண்டு கதவுகளுக்கு நடுவில் சணல் சாக்கு ஒன்று எதையோ மூடிக் கிடந்தது. சாக்கை எடுத்தார். உள்ளே ஒரு நடைவண்டி. குழந்தை பிடித்துக்கொண்டு நடை பழகுகிற, மூன்று சக்கரம் வைத்த மரவண்டி. சக்கரங்களுக்குச் சிவப்பு அரக்கு பூசியிருந்தது. கைப்பிடி பளபளத்தது.

“இது?”

“அது ஆகாது. உளுத்துப்போச்சு.”

“தேங்காய் எண்ணெய் மணக்குது.”

“கறையானுக்குத் தடவினது.”

“சக்கரம்?”

“கோணல். ஓடாது.”

டீச்சர் ஒரு விரலால் தள்ளினார். வண்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கடையின் நடுவே நேராக ஓடிவந்து, அழகுமலையின் காலடியில் நின்றது.

“ஓடுதே.”

“இப்ப ஓடும். அப்புறம் நின்னுரும்.”

“பரவாயில்லை. எங்க அக்கா பிள்ளைக்கு ஒரு வண்டி கேட்டா. இதைக் கொடுத்துருங்க. உளுத்தது, கோணல். விலையைக் குறைச்சுச் சொல்லுங்க.”

“உங்களுக்கு வேற நல்ல வண்டி புதுசாச் செஞ்சு வாங்கித் தர்றேன். ஆசாரி நம்ம ஆளு.”

“எதுக்கு அலைச்சல்? எனக்கு ஏதோ ஒண்ணு போதும் அண்ணே. ஒரு வண்டி.”

“ஒரு வண்டியா?”

அழகுமலையின் குரல் கிட்டங்கிக் கூரையில் போய் மோதியது. தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“பார்த்துப் பேசுங்க டீச்சரம்மா! ஒரு வண்டியாம்! இதை வாங்கினப்ப நான் பேரமே பேசலை தெரியுமா உங்களுக்கு? என் ஆயுசுல அது நடந்ததில்லை. அந்த வீட்டுக்காரன் சொல்லி வாயை மூடுறதுக்குள்ள சரின்னுட்டேன். அவனே பயந்துபோயிட்டான், ஏதோ புதையலை ஏமாந்து கொடுத்துட்டோம்னு. சக்கரத்தைக் கழட்டி நானே இழைச்சேன். கைப்பிடியில சிராய் கிராய் இருந்தா பிள்ளை கையில ஏறிரும்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தேய்ச்சு, இங்க பாருங்க என் கையை! ஏதோ ஒரு வண்டியாம். இதுல கை வைக்க ஒருத்தனுக்குத்தான் பாத்தியதை. இது...”

நின்றுவிட்டார்.

“இது யார் வண்டி அண்ணே?”

அழகுமலை சுவரில் இருந்த கடிகாரங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

“அழகு வண்டி” என்றார், மெதுவாக.

“கடிகாரத்துக்குக் கேட்டிருக்கும்” என்றார் டீச்சர்.

அழகுமலை குனிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓடிவிடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்தார். கடன்காரனிடம் பேசுகிற எரிச்சலோடு கேட்டார்.

“சரி, இப்பவாவது சொல்லித் தொலைங்க. நீங்க சொன்ன அந்த வாக்கியம் என் வாயில வராது. நான் அவனை இப்படிப் பேர் சொல்லிப் பேசினா, முன்னால எ போடணுமா, தி போடணுமா?”

“பேர் சொல்லிட்டா ரெண்டும் வேண்டாம்.”

“ரெண்டுமே வேண்டாமா?”

“வேண்டாம். அதான் இலக்கணம்.”

“அடப் பாவிகளா!” அழகுமலை தலையில் அடித்துக்கொண்டார். “இதை முதல் நாளே சொல்றதுக்கு என்னம்மா? மாட்டை வாங்க வச்சீங்க. ஓட விட்டீங்க. சூரியனைக் கூப்பிட்டீங்க. இந்த ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டீங்களே!”

“முதல் நாள் நீங்க பேரே சொல்லலையே அண்ணே.”

டீச்சர் மிச்சமிருந்த சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, பாட்டிலை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

அழகுமலைக்கு ஆற்றாமை அடங்கவில்லை. வண்டியை விடாமலே வாசலைப் பார்த்துக் கத்தினார்.

“எல்லாம் அந்தப் பாழாப்போனவன் பண்ணின வேலை. எவனோ ஒருத்தன் ஒரு எழுத்தை வச்சான், ஒரு வீடே பேச்சுவார்த்தை இல்லாமக் கிடக்கு. என் மருமக என் பேரைச் சொல்ல நாக்கை மடக்கி மடக்கிப் பழகினதெல்லாம் வீணாப்போச்சு. நான் எதுக்கு மெனக்கெடணும்? பண்ணினவன் வந்து சரி பண்ணட்டும்!”

டீச்சர் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஆளை எனக்குத் தெரியும் அண்ணே. கைப்பிடியை விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அயர்லாந்துல இப்பத்தான் விடிஞ்சிருக்கும், பிள்ளை முழிச்சிருக்கும். போனைப் போட்டு, வச்ச கையாலயே எடுக்கச் சொல்லுங்க.”